இறால் கடல் கரப்பானா? கணுக்காலிகளைப் பற்றி ஒரு நீண்ட பதில்

இறாலைக் கடல் கரப்பான்பூச்சி என்று ஒரு காணொளியில் சொல்லக் கேட்டீர்கள். பள்ளியில் பூச்சிகள் ஒரு வகுப்பு, நண்டும் இறாலும் வேறு வகுப்பு என்று மனப்பாடம் செய்த நினைவும் இருக்கிறது. எது சரி, சிலந்தியும் தேளும் பூரானும் பூச்சிதானா, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் குளியலறைச் சுவரில் நீளக் கால்களோடு ஓடும் ஏதோ ஒன்றைப் பற்றியும் ஒரு வரி. எனக்குப் புரிந்தவரை, உங்களுக்கு வேண்டியது பெயர்ப்பட்டியல் இல்லை. இரண்டு உயிர்களை உறவு என்று சொல்ல எது சாட்சி, புதிய சாட்சி வந்தால் பழைய பாடத்தை என்ன செய்வது என்பதைத்தான் கேட்கிறீர்கள். நான் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் செய்முறை வகுப்பு எடுத்தவன். கரப்பானையும் இறாலையும் கையில் வைத்துச் சொல்லிக்கொடுத்த அனுபவம் உண்டு. மரபணு ஆய்வு என் துறை இல்லை. அதில் வந்த முடிவுகளை ஆர்வத்தோடு படித்தவன், அவ்வளவுதான். அந்த எல்லையை மனதில் வைத்து இதை வாசியுங்கள்.

முதலில் நேரடியான பதில். சிலந்தி, தேள், பூரான், மரவட்டை எதுவும் பூச்சி இல்லை. இறாலும் நண்டும் பூச்சி இல்லை. ஆனால் இவை எல்லாமே பூச்சிகளோடு சேர்ந்து கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதியில் அடங்கும். (இலங்கைப் பாடநூலில் படித்திருந்தால் தொகுதிக்குப் பதில் கணம் என்ற சொல் உங்களுக்குப் பழகியிருக்கும், பொருள் ஒன்றுதான்.) இறாலுக்கும் கரப்பானுக்கும் உறவு இருப்பதும் உண்மை. ஆனால் காணொளி அந்த உறவைத் தலைகீழாகச் சொல்லிவிட்டது. அது எப்படி என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நம் பேச்சில் பூச்சி என்ற சொல் மிகவும் தாராளமானது. இருட்டில் போகிறவரிடம் ‘பூச்சி பொட்டு கிடக்கும், பார்த்துப் போ’ என்று சொல்லும்போது பாம்பைக்கூட அந்தச் சொல்லுக்குள் வைத்துத்தான் சொல்கிறோம். அதில் தவறில்லை. விலங்கியல் அதே சொல்லைக் குறுக்கி, ஆறு கால் உள்ள ஒரு கூட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டது. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கணுக்காலி என்ற சொல் அப்படியில்லை, பொருளைத் தெளிவாகச் சொல்லிவிடும். கரும்பிலும் மூங்கிலிலும் கணு இருப்பதுபோல, கால் துண்டு துண்டாக இருந்து மூட்டுகளில் மடங்கும். உடலும் வளையம் வளையமாக அடுக்கப்பட்டிருக்கும். எலும்பு உள்ளே இருக்காது. அதற்குப் பதில் வெளியே ஒரு கூடு இருக்கும். கைட்டின் என்ற பொருளும் புரதமும் சேர்ந்து அமைந்த கூடு அது. நண்டிலும் இறாலிலும் அதோடு சுண்ணாம்புச் சத்தும் சேர்வதால் ஓடு கடினமாகிறது. தசைகள் அந்தக் கூட்டின் உட்புறத்தைப் பிடித்துக்கொண்டு இழுக்கின்றன.

வெளிக்கூடு இருக்கும் உயிருக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு: கூடு வளராது. உடல் வளர வேண்டுமென்றால் பழைய கூட்டை உரித்துப் போட்டுவிட்டு, புதிய கூடு இறுகுவதற்குள் உடலை உப்பவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் எப்போதாவது பால்போல வெள்ளையாக ஒரு கரப்பானைப் பார்த்திருப்பீர்கள். அது தனி இனம் இல்லை, அப்போதுதான் சட்டை உரித்தது. சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். சந்தையில் வாங்கிய நண்டில் சில சமயம் ஓடு மெத்தென்று இருந்து, உள்ளே சதை குறைந்து தண்ணீராக இருக்குமே, அதுவும் அண்மையில் ஓடு மாற்றிய நண்டுதான். மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் சில்வண்டின் வெற்றுச் சட்டையும், சிலந்தி வலையில் தொங்கும் கால்களோடு கூடிய உலர்ந்த உரியும் இதே கதைதான்.

இந்தச் சட்டை உரித்தலைப் பற்றி ஒரு செய்தியை வகுப்பில் தவறாமல் சொல்வேன், இங்கேயும் சொல்ல ஆசை. ஜெர்மனியில் பூட்டனாண்ட், கார்ல்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1954இல் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுக்கள் 500 கிலோவை அரைத்துப் பிரித்து, சட்டை உரிக்கச் செய்யும் ஹார்மோனை 25 மில்லிகிராம் அளவுக்கு எடுத்தார்கள். அதற்கு எக்டைசோன் என்று பெயர். பிறகு 1966இல் ஆஸ்திரேலியாவில், சிங்கி இறால் போன்ற ஓர் ஓடுடலியின் (இறால், நண்டுக் கூட்டத்து உயிரின்) கழிவை ஏறத்தாழ ஒரு டன் எடுத்துப் பிரித்ததில் 2 மில்லிகிராம் ஹார்மோன் கிடைத்தது. பட்டுப்பூச்சியில் கிடைத்த அதே மூலக்கூறின் நெருங்கிய வடிவம் அது. பூச்சிகளின் உடலிலும் நேரடியாக வேலை செய்வது இந்த வடிவமே என்பது பின்னர் தெளிவானது. மல்பெரி இலை தின்னும் புழுவும் கடலடியில் நடக்கும் இறாலும் ஒரே கட்டளைக்குச் சட்டையைக் கழற்றுகின்றன. உருவ ஒற்றுமையைவிட இது எனக்குப் பெரிய சாட்சி.

அடுத்த சாட்சி கால்கள். என் காலத்தில் இளநிலை மாணவர்கள் எல்லாருக்கும் ஒரு செய்முறை இருந்தது: ஒரு பெரிய இறாலை எடுத்து, அதன் இணையுறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை பிசகாமல் அட்டையில் ஒட்ட வேண்டும். மொத்தம் 19 இணை. தலையில் 5, மார்பில் 8, வயிற்றில் 6. முதலில் உணர்கொம்புகள் இரண்டு இணை, பிறகு தாடை, தாடைக்குத் துணையாகச் சின்ன உறுப்புகள், உணவைப் பிடித்துத் தள்ளும் கால்கள், நடக்கும் கால்கள் 5 இணை, நீந்தும் கால்கள் 5 இணை, கடைசியில் வால் விசிறியின் இதழ்கள். ஒட்டி முடித்து எட்டி நின்று பார்க்கும்போது சில மாணவர்களின் முகம் மாறும். கொம்பு, தாடை, கால், துடுப்பு என்று வேறு வேறாகத் தெரிந்தவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த உறுப்பின் மாற்றங்கள் என்பது அப்போது தானாகவே புலப்படும். ஒரு வளையத்துக்கு ஓர் இணை. வேலைக்கு ஏற்ப வடிவம். கணுக்காலிகளின் உடல் இலக்கணம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. பழ ஈயில் ஒரு மரபணு, இயங்கக் கூடாத இடத்தில் இயங்கிவிட்டால் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் முழுக் கால் முளைக்கும். உணர்கொம்பும் காலும் ஒரே அச்சு என்பதற்கு அதைவிட வெளிப்படையான சான்று கிடையாது. உயிரைக் கொல்லாமல் கற்பிக்க வேண்டும் என்ற இன்றைய போக்கு சரியானதே. ஆனால் சமையலுக்கு வாங்கிய இறாலைச் சுத்தம் செய்யும்போது இதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளைத் தட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இப்போது பிரிவுகளுக்கு வருவோம். இன்று உயிரோடு இருக்கும் கணுக்காலிகளை நான்கு கூட்டமாகப் பார்ப்பது பழகிய வழி. அடையாளம் காண நான் மாணவர்களுக்குச் சொன்னது: காலை எண்ணுவதற்கு முன் கொம்பை எண்ணுங்கள். உணர்கொம்பே இல்லையென்றால் சிலந்தி, தேள் கூட்டம். ஓர் இணை என்றால் பூச்சி அல்லது பூரான், மரவட்டை. இரண்டு இணை என்றால் இறால், நண்டு கூட்டம். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் வீட்டிலும் தோட்டத்திலும் இது பெரும்பாலும் கைகொடுக்கும்.

சிலந்திக் கூட்டத்தில் தாடை என்று ஒன்று கிடையாது. வாய்க்கு முன்னால் ஓர் இணைக் கடிகொடுக்கு, அதை அடுத்து உணர்கால் போன்ற ஓர் இணை, பிறகு நான்கு இணைக் கால்கள். தேளின் இரண்டு இடுக்கிகளையும் சேர்த்துப் பத்துக் கால் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த இடுக்கிகள் கால்கள் இல்லை. சிலந்தியில் வாய்க்குப் பக்கத்தில் சின்னதாக இருக்கும் அந்த உணர்கால் இணைதான் தேளில் பெரிதாகி இடுக்கியாகியிருக்கிறது. நண்டின் இடுக்கியோ உண்மையிலேயே முதல் இணை நடைக்கால். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு இடுக்கிகள் இருவேறு உறுப்புகளிலிருந்து வந்தவை. உருவத்தை மட்டும் நம்பி உறவு சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் இணை இது. முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி பெயரில் பூச்சி, கால் எட்டு, அதுவும் சிலந்திக் கூட்டத்துக்காரர்தான். மாட்டின் மேல் ஒட்டும் உண்ணியும் அப்படியே. ஆனால் முட்டையிலிருந்து வந்த உண்ணிக் குஞ்சுக்கு ஆறு கால்தான் இருக்கும், பிறகுதான் எட்டாகும். ஆகவே ஆறு காலைப் பார்த்ததும் பூச்சி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செத்த சிலந்தி ஏன் கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தை அழுத்தித்தான் நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடுகிறது, கால் மடங்கிவிடுகிறது.

பூரானும் மரவட்டையும் அடுத்த கூட்டம். இரண்டையும் பிரிக்க ஒரு வளையத்தைப் பாருங்கள். வளையத்துக்கு ஓர் இணைக் கால் என்றால் பூரான். பெரும்பாலான வளையங்களில் இரண்டு இணை என்றால் மரவட்டை. உங்கள் ஊரில் அதை ரயில்பூச்சி என்பார்களாக இருக்கும். பூரான் வேட்டையாடி, விஷம் உண்டு. மரவட்டை மக்கிய இலையைத் தின்று மண்ணைக் கூட்டும் சாது. பூரானின் கால் இணைகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை, 15 முதல் 191 வரை. ஆகவே சரியாக நூறு கால் உள்ள பூரான் இயல்பில் இருக்க முடியாது. ஆயிரங்காலி என்ற பெயர் மரவட்டைக்கு நெடுங்காலம் மிகையாகவே இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கடியில் சுமார் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள் இருந்ததை 2021இல் அறிவித்தார்கள். அன்றுதான் அந்தப் பெயர் மெய்யானது.

இறால், நண்டுக் கூட்டத்தை ஓடுடலிகள் என்பார்கள். வடிவத்தில் இவ்வளவு வேறுபாடு காட்டும் கூட்டம் வேறில்லை. மீன்தொட்டிக்குப் போடும் ஆர்ட்டீமியாவும், குளத்து நீரில் துள்ளும் தெள்ளுப்பூச்சியும் இதில் அடக்கம். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஓடி, தொட்டால் உருண்டையாகச் சுருளும் சின்ன உயிரியும் இந்தக் கூட்டமே. கடலை விட்டு நிலத்துக்கு வந்துவிட்ட ஓடுடலி அது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இதே போலச் சுருளும் உருண்டை மரவட்டை ஒன்று உண்டு, சின்ன எலுமிச்சை அளவுக்குக்கூட வரும். இரண்டும் ஒரே தற்காப்பு, ஆனால் உறவு வெகுதூரம். இந்தக் கூட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது படகின் அடியிலும் துறைமுகத் தூண்களிலும் கற்போல ஒட்டியிருக்கும் கொட்டலசு. வளர்ந்த கொட்டலசைப் பார்த்தால் சிப்பி, கிளிஞ்சல் கூட்டம் என்றே யாரும் சொல்வார்கள். அறிஞர்களும் நெடுங்காலம் அப்படித்தான் வைத்திருந்தார்கள். ஜான் வான் தாம்சன் 1830இல் அதன் இளவுயிரி நீந்துவதையும், பிறகு அது பாறையில் ஒட்டி உருமாறுவதையும் கவனித்தார். அந்த இளவுயிரி அச்சு அசலாக இறால் கூட்டத்துக் குஞ்சு. உறவை முதுமை மறைத்தது, குழந்தைப் பருவம் காட்டிக்கொடுத்தது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்த ஒரு கூட்டத்தை அறுத்துப் பார்ப்பதிலேயே செலவழித்தார்.

பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி, மார்பில் மூன்று இணைக் கால், பெரும்பாலும் சிறகு. பெயரிடப்பட்ட பூச்சியினங்கள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். வண்டுகள் மட்டுமே அதில் மூன்றரை லட்சத்தைத் தாண்டும். ஒப்பிட, சிலந்திகள் 2022இல்தான் 50,000 என்ற எண்ணைக் கடந்தன. கம்பளிப்பூச்சிக்குக் கால் அதிகம் இருக்கிறதே என்பார்கள். முன்னால் இருக்கும் மூன்று இணைதான் கணு உள்ள மெய்யான கால். பின்னால் இருப்பவை சதைப் பிதுக்கங்கள், வண்ணத்துப்பூச்சியாகும்போது மறைந்துவிடும். ஆறு கால் இருந்தும் பூச்சியில் சேர்க்கப்படாத சிறு கூட்டங்களும் உண்டு. ஈர மண்ணில் வாலை விசைபோலத் தட்டி எம்பும் துள்வாலிகளின் வாயுறுப்புகள் தலைக்குள் புதைந்திருக்கும். அவற்றை இன்று பூச்சிகளின் உடன்பிறப்பாகத் தனியே வைக்கிறார்கள்.

இந்த வகைப்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால்தான் அது ஏன் மாறுகிறது என்பது விளங்கும். தமிழில் நமக்கு மிகப் பழைய ஒரு வகைப்பாடு உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின், அதாவது புலன்களின் எண்ணிக்கையால் பிரிக்கிறது. ‘நண்டும் தும்பியும் நான்கறிவினவே’ என்கிறது. சிதலையும் (கறையானையும்) எறும்பையும் மூன்றறிவில் வைக்கிறது. நண்டையும் தும்பியையும் ஒரே வரியில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். ஆனால் இன்றைய மரபணு முடிவை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று இதைக் காட்டிப் பகிர்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த நூல் கேட்ட கேள்வி வேறு: எந்த உயிர் உலகை எத்தனை வழியில் உணர்கிறது என்பது. அதனால்தான் எறும்பும் தும்பியும், இரண்டுமே பூச்சியாக இருந்தும், அங்கே பிரிந்து நிற்கின்றன. அந்தக் கேள்வியின் அழகை அந்தக் கேள்விக்காகவே மதிக்க வேண்டும்.

ஸ்வீடனின் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பட்டியலில் பூச்சி என்ற வகுப்புக்குள் சிலந்தி, தேள், நண்டு, பூரான் எல்லாம் இருந்தன. ஆகவே இவை எல்லாவற்றையும் பூச்சி என்று நம் பாட்டி சொன்னால், அவர் லின்னேயஸோடு ஒத்துப்போகிறார் என்று பொருள். பிரான்சில் லமார்க் அந்தக் கூடையிலிருந்து ஓடுடலிகளையும் சிலந்திக் கூட்டத்தையும் பிரித்தெடுத்தார். குவியே 1817இல் உடல் வளையங்களைப் பார்த்து மண்புழு, அட்டை போன்றவற்றையும் இவற்றோடு சேர்த்தார். அந்தச் சேர்க்கை நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. நான் படித்தபோதும் மண்புழுதான் கணுக்காலிகளுக்கு மிக நெருங்கிய சொந்தம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொன்னேன். அதுபோலவே பூச்சிகளுக்கு நெருங்கிய உறவு பூரான், மரவட்டைதான் என்றும் சொன்னேன். காரணங்கள் வலுவாகவே தெரிந்தன: இரண்டுக்கும் ஓர் இணைக் கொம்பு, இரண்டும் உடலுக்குள் ஓடும் காற்றுக்குழாய்களால் சுவாசிப்பவை. 1970களில் சிட்னி மாண்டன் என்ற மாபெரும் பெண் அறிஞர், கணுக்கால் என்ற அமைப்பே ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியாகத் தோன்றியது, கணுக்காலிகள் ஒரே குடும்பமே இல்லை என்றுகூட வாதிட்டார். கால்களின் இயக்கத்தை அவரைப் போல நுணுகிப் பார்த்தவர் இல்லை. இருந்தும் அந்த முடிவு நிற்கவில்லை.

மாற்றம் 1990களில் வந்தது. மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1997இல், கணுக்காலிகளின் சொந்தம் மண்புழு இல்லை, உருளைப்புழு போன்ற சட்டை உரிக்கும் உயிர்கள்தான் என்றது. அடுத்த ஆண்டு வந்த சான்று எனக்கு மிகவும் பிடித்தது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் மரபணுக்கள் ஒரு வரிசையில் அமைந்திருக்கும். அந்த வரிசையில் ஒரு சின்ன மரபணு இடம் மாறி உட்கார்ந்திருப்பது பூச்சிகளிலும் ஓடுடலிகளிலும் மட்டும் ஒரே மாதிரி இருந்தது. பூரானிலும் மரவட்டையிலும் சிலந்தியிலும் அது பழைய இடத்திலேயே இருந்தது. இரண்டு பழைய ஏட்டுப் பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே அடி இடம் மாறியிருந்தால், இரண்டும் ஒரே மூலப் பிரதியைப் பார்த்து எழுதியவை என்று பதிப்பாசிரியர் சொல்வார் அல்லவா, அதே தர்க்கம். பிறகு 2010இல் 75 கணுக்காலி இனங்களில் 62 மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வும் அதையே உறுதிசெய்தது. பூச்சிகள் ஓடுடலிகளுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, ஓடுடலிகளின் மரத்துக்குள்ளேயே ஒரு கிளையாக இருக்கின்றன.

இதை ஊர்க் கதையாகச் சொன்னால் எளிது. கடற்கரை ஊரில் ஒரு பெரிய வம்சம். அதில் ஒரு பங்காளி மட்டும் வெகுகாலத்துக்கு முன் உள்நாட்டுக்குக் குடிபெயர்ந்து, தொழிலையும் பெயரையும் மாற்றிக்கொண்டு, பல்லாயிரம் வீடாகப் பெருகிவிட்டான். கடற்கரையில் தங்கியவர்கள் அவனை வேற்றாள் என்றே நினைக்கிறார்கள். ஆனால் வம்ச ஏட்டை விரித்தால் கடற்கரைக்காரர்களில் சிலருக்கு, பக்கத்து வீட்டுக்காரனைவிட அந்தக் குடிபெயர்ந்தவனே நெருங்கிய சொந்தம். பூச்சிகள்தான் அந்தப் பங்காளி. ஆகவே இறாலைக் கடல் கரப்பான் என்பது சரியில்லை. கரப்பான்தான் நிலத்துக்கு வந்துவிட்ட ஓடுடலி வம்சத்தின் வாரிசு. உறவு உண்டு என்றதும் முகம் சுளிக்கவும் தேவையில்லை. இறாலும் கரப்பானும் பிரிந்து ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நமக்கும் வஞ்சிர மீனுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 40 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு. கால அளவில் பார்த்தால் கரப்பானுக்கு இறால் எவ்வளவு சொந்தமோ அதைவிட அதிகமாக நாம் வஞ்சிரத்துக்குச் சொந்தம். கரப்பானுக்கு உண்மையிலேயே நெருங்கிய சொந்தம் கறையான். முன்பு தனி வரிசையாக இருந்த கறையானை, 2007இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு கரப்பான் வரிசைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். கூடி வாழக் கற்ற, மரம் தின்னும் கரப்பான் அது.

எது உறுதி, எது ஐயம் என்று இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். கணுக்காலிகள் எல்லாம் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதும், பூச்சிகள் ஓடுடலி மரத்தின் உள்ளே வருகின்றன என்பதும் இன்று பெருமளவு உறுதி. பூரான், மரவட்டைக் கூட்டம் இந்த இரண்டுக்கும் வெளிப் பங்காளி என்பதும், சிலந்திக் கூட்டம் அதற்கும் வெளியே என்பதும் ஏறக்குறைய உறுதி. பூச்சிகளுக்கு மிக நெருங்கிய ஓடுடலி எது என்பது அவ்வளவு உறுதியில்லை. கடலோடு தொடர்புள்ள இருட்டுக் குகை நீரில் வாழும் ரெமிப்பீடுகள் என்ற கண்ணற்ற உயிர்களைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவை பஹாமாஸ் குகையில் 1979இல்தான் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டன. நான் பாடம் நடத்தத் தொடங்கியபோது இந்தப் பெயரே எங்கள் புத்தகத்தில் இல்லை. இன்னொரு ஐயம் ஒடிசா கடற்கரையிலும் சுந்தரவனத்திலும் கரையேறும் குதிரைலாட நண்டைப் பற்றியது. பெயர் நண்டு, உறவு சிலந்திக் கூட்டம், அதில் சந்தேகமில்லை. அது சிலந்தி, தேள் வகுப்புக்கு வெளியே நிற்கும் மூத்த கிளையா, அல்லது அந்த வகுப்புக்கு உள்ளேயே இருந்து கடலிலேயே தங்கிவிட்டதா என்பதில் 2019க்குப் பிறகு கடுமையான விவாதம். என் மனம் பழைய கருத்தின் பக்கமே சாய்கிறது, ஆனால் அதற்கு எடை கொடுக்காதீர்கள். சிலந்திப்பேன்களும் உண்ணிகளும் ஒரே கிளையா இரண்டா, அழிந்துபோன முக்கூற்றுடலிகளான ட்ரைலோபைட்டுகள் மரத்தில் எந்தக் கிளையில் தொங்குகின்றன என்பவையும் தீரவில்லை.

வெளி உறவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் நாட்டுச் செய்தி என்பதால். கணுக்காலிகளுக்கு மிக அருகில் நிற்பவை வெல்வெட் புழுக்கள். உடல் மிருது, கால் குட்டை, கணு இல்லை. அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் 1911-12 பயணத்தின்போது ஸ்டான்லி கெம்ப் என்ற விலங்கியலாளர் ஒரு வெல்வெட் புழுவைக் கண்டெடுத்தார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் யாரும் அதைப் பார்க்கவில்லை. பெங்களூரைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று அதே பள்ளத்தாக்கில் அதை மீண்டும் கண்டதாகச் செய்தி வந்தபோது, அந்தப் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். பெயர் வைக்கும் விதிகளைப் பார்த்துக்கொள்ள 1895 முதல் ஒரு பன்னாட்டு ஆணையம் உண்டு. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வந்தால் எது செல்லும் என்று அது சொல்லும். ஆனால் யார் யாருக்கு உறவு என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்த அமைப்புக்கும் இல்லை. ஆய்வு வரும், மற்றவர்கள் சோதிப்பார்கள், தாங்கினால் மெல்ல மெல்லப் பாடநூலுக்குள் வரும். அதற்குப் பத்து இருபது ஆண்டு ஆகலாம். ஆகவே தேர்வுக்குப் படிக்கிறவர் என்றால் உங்கள் பாடநூலில் பூச்சி, ஓடுடலி இரண்டும் தனி வகுப்பு என்றிருந்தால் அப்படியே எழுதுங்கள். வகுப்பு என்பது புத்தகத்தை அடுக்கும் அலமாரித் தட்டு போன்றது, வசதிக்காக அந்தத் தட்டுகள் இன்னும் பயன்படுகின்றன. உறவு வேறு கேள்வி.

உறவு வெறும் ஏட்டுச் செய்தியும் இல்லை. இறாலும் நண்டும் ஒவ்வாத பலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுவது ட்ரோப்போமயோசின் என்ற தசைப் புரதம். அதே புரதம் மிகச் சிறிய மாற்றங்களோடு கரப்பானிலும் வீட்டுத் தூசியில் வாழும் சிலந்திப்பேனிலும் இருப்பதால், ஒன்றுக்குப் பழகிய உடல் மற்றொன்றையும் எதிரியாக எடுத்துக்கொள்ளக்கூடும். வெட்டுக்கிளி மாவு, புழு மாவு என்று புது உணவுகள் வரும் காலத்தில் இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நான் மருத்துவர் இல்லை, உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரிடமே கேளுங்கள். இன்னொன்று, வயலில் பூச்சியைக் கொல்லத் தெளிக்கும் சைப்பர்மெத்ரின் போன்ற மருந்துகள் இறாலை மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். நரம்பின் அமைப்பு ஒன்றுபோல இருப்பதால் மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள் என்று இறால் பண்ணைக்காரர்கள் சண்டை போடுவதில் இந்த உறவின் நியாயம் இருக்கிறது.

கடைசியாக உங்கள் குளியலறை விருந்தாளி. நீளக் கால்கள், மின்னல் வேகம், ஈரமான சுவர் என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது நீளக்கால் வீட்டுப் பூரானாக இருக்க வாய்ப்பு அதிகம். வளர்ந்ததற்கு 15 இணைக் கால், கடைசி இணை உணர்கொம்பு அளவுக்கு நீளமாக இருப்பதால் எது தலை எது வால் என்றே முதலில் தெரியாது. கரப்பான் குஞ்சையும் கொசுவையும் பிடித்துத் தின்னும். மனிதரைக் கடிப்பது அரிது. ஆனால் கால் எட்டுதான் என்றால் அது நெட்டைக்கால் சிலந்தி, என் ஊகம் தவறு. அடுத்த முறை பார்த்தால் விரட்டுவதற்கு முன் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.